பதினோராம் கட்டம்

விண்ணப்பத்தில் பத்துக் கட்டங்கள் நிரம்பிவிட்டன:
உயரம், எடை, இடக்கண், வலக்கண்,
பன்னிரண்டு வயதில் முறிந்த மணிக்கட்டு.
பதினோராவது மட்டும்
மாசி மாதத்து சஸ்கச்சுவான் வயல்போல
வெள்ளையாய்க் கிடக்கிறது.
என்ன படிக்கப் போகிறீர்கள்?

ரெஜைனா ஆட்சேர்ப்பு அலுவலகத்தில்
கப்டன் ஹவ்ரிலுக் சிரித்தபடி சொன்னார்,
எந்தப் பட்டமும் சரி,
இசை படித்தவனும் எங்களோடு பறக்கிறான் என்று.
எந்தப் பட்டமும்!
தமிழில் அது எத்தனை சரியான வசனம்
என்று விளக்க நேரமிருக்கவில்லை.
வால் நீளமாயிருக்கவேணும், நூல் அறாதிருக்கவேணும்,
அவ்வளவுதானே.
கதவுவரை வந்தவர் பிறகு கேட்டார்:
"கண்ணோ காதோ கெட்டு
உன்னைத் தரையில் இறக்கிவிட்டோம் என்று வை.
அடுத்த நாள் காலை
எதற்காக எழும்புவாய்?
அதைப் படி."

அப்பா சுவிஃப்ட் கரண்ட் தாண்டி
பதினெட்டுச் சக்கரங்களின் இரைச்சலுக்கு மேலால் கத்துகிறார்:
"எஞ்சினியரிங் எடு பிள்ளை.
பிளேன் விழுந்தாலும் வேலை விழாது."
சொன்னது தன் காதிலேயே விழுந்து
கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டுகிறார்.
வைப்பரின் சத்தம் மட்டும்.

அண்ணன் நிரோஜன் அட்டவணை போட்டு அனுப்பினான்.
பௌதிகம் பச்சை, கணினி மஞ்சள், வரலாறு சிவப்பு.
மூன்று நிறமும் பிசகாமல் தெரிகின்றன
என்பதில்தான் எனக்கு நிம்மதி.

மூஸ் ஜோவில் காலை ஒன்பதுக்கு
பயிற்சி விமானங்கள் எழும்பும்.
பேக்கரியில் அம்மாவின் பாண் வெட்டும் கத்தி
அந்தரத்தில் நிற்கும்.
வாய்க்குள் எண்ணுவா. ஒன்று, இரண்டு, மூன்று.
ஒன்பதுவரை ஒன்றும் விழாவிட்டால்
மறுபடி வெட்டுவா.
அந்தத் துண்டு மட்டும் எப்போதும் தடிப்பு.
அதை வீட்டுக்குக் கொண்டுவருவா.
நான் வளர்ந்தது அந்தத் துண்டுகளில்.

நேற்றிரவு கேட்டேன்,
நான் பறப்பது உங்களுக்கு விருப்பமில்லையோ.
"மேலயிருந்து பாத்தா எப்பிடியிருக்கும் எண்டு
எனக்குத் தெரியாது.
கீழயிருந்துதான் தெரியும்."
கோபமில்லை.
எத்தனை சுண்டு அரிசி போட என்று கேட்கும் அதே குரல்.
பிறகு பானையைத் தேய்த்தபடி, தன்பாட்டில்:
"செம்மண் எண்டா பங்கர் வெட்டினது வெட்டினபடி நிக்கும்.
மணல் எண்டா பனங்குத்தி அடுக்கோணும்,
இல்லாட்டி அதுவே ஆளை மூடிப்போடும்.
பத்து வயசில நான்
கையில பிசைஞ்சு பாத்தே சொல்லுவன்,
எது நிக்கும், எது நிக்காதெண்டு."
பானை ஏற்கனவே பளபளத்தது.
இன்னும் தேய்த்தா.

சஸ்கட்டூன் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலை
அடியிலிருந்து மேலே வாசித்தேன்.
இரண்டு தரம் தாண்டிப்போய்
மூன்றாம் தரம் விரல் நின்றது.
மண்ணியல்.
கப்பிப் பாதையில் சப்பாத்துக் குதியால் உதைத்துப் பார்த்தேன்,
உறைந்திருந்தது, ஒரு துகளும் பெயரவில்லை.
இதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று
பதினேழு வருடம் இங்கே நடந்தும்
எனக்குத் தெரியாது.

"மண்ணோ?" என்றார் அப்பா.
"பறக்கப் போறவளுக்கு மண்ணாங்கட்டி என்னத்துக்கு?"
வைப்பர் நாலு தரம் போய்வந்தது.
"பனி கரைஞ்சா இந்த றோட்டோரம் மை மாதிரிக் கறுப்பு.
ஏனெண்டு படிச்சுச் சொல்லு."

பதினெட்டு ஆகாததால் பெற்றோர் ஒப்பமும் வேண்டும்.
அம்மா பதினோராம் கட்டத்தைப் பார்த்தா,
ஒன்றும் சொல்லவில்லை.
எங்கே வைக்கவேணும் என்று மட்டும் கேட்டா.
பேனையைத் தாளில் ஊன்றிய நேரம்
வெளியே இரவுப் பறப்பு ஒன்று,
கூரைக்கு மேலால்.
கை நின்றது.
உதடு அசைந்தது.

ஐந்துவரை எண்ணிவிட்டு
ஒப்பமிட்டா.