மூன்று சொல்

உலான்பாட்டரில் மைனஸ் முப்பத்திரண்டு.
விடுதி ஜன்னலின் உள்பக்கம் படிந்த பனியை
பஸ் அட்டையால் சுரண்டித் தள்ளிவிட்டு
எழுத உட்காருகிறேன்:
"கோடை வந்துவிட்டது. உங்கள் நீச்சல் குளம் தயாரா?"

நூறு சொல்லுக்கு முக்கால் டாலர்.
'நீச்சல் குளம்' பதினொரு முறை வர வேண்டும்,
முதல் பத்தியிலேயே இரண்டு முறை,
வாசிப்பவர் கண்ணை உறுத்தாமல்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போடுகிறேன்.
'ஆகவே' என்று நிறுத்தலாம்.
'ஆகவே இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது' என்றால்
மூன்று சொல் லாபம்.
அப்படி இருபது இடம் அமைந்தால் ஒரு பூஸ்,
கொழுப்பு உதட்டில் உறையும்
ஒற்றை இறைச்சிக் கொழுக்கட்டை.

நீச்சல் குளத்தைப் பார்த்ததே இல்லை என்றில்லை.
ஒரு ஹோட்டலில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று.
ஆவி எழுந்துகொண்டிருந்தது.
யாரோ ஒரு கிழவர்
முதுகை மட்டும் காட்டி நீந்திப் போனார்.

இரவு மூன்று மணிக்கு பிராண்டின் செய்தி:
இன்னும் எண்பது சொல் வேண்டும்.
மேல் கட்டிலில் உயாங்காவின் பாதம்
போர்வைக்கு வெளியே.
சூடேற்றும் குழாய் இருமி இருமி ஓய்ந்தது.
காலை எட்டுக்கு வெப்ப இயக்கவியல் தேர்வு.
"குளோரின் இட்டபின் எப்போது இறங்கலாம்?" என்று
ஒரு துணைத்தலைப்பு வைத்தேன்.
தேடிப் பார்க்க நேரமில்லை.
'இரண்டு மணி நேரம்' என்று எழுதினேன்.
ஒன்று அவசரம், மூன்று அதிகம்.
இரண்டு, யாரும் கேள்வி கேட்காத எண்.

வெளியான கட்டுரையில் என் பெயர் கிடையாது.
கிரெக் என்று ஒருவர், வெயிலுக்குக் கண் இடுக்கிய தொப்பிக்காரர்.
குளப் பராமரிப்பில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம்.
எனக்கு வயதே இருபது.
வந்தது ஆறு டாலர்.
அனுப்பியவன் பிடித்தது, வாங்கியவன் பிடித்தது போக
மிஞ்சியதில் பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றினேன்.

மார்ச்சில் ஒரு மாலை
உயாங்கா தன் கருத்தரங்கப் பக்கங்களைக் காட்டினாள்.
நீரும் நோய்த்தடுப்பும்.
எட்டாம் பக்கம், தடித்த எழுத்தில்:
இரண்டு மணி நேரம்.

"அந்த எண்ணைக் கொஞ்சம் சரிபார்."
"ஏன்?"
"சும்மா. தப்பு மாதிரி இருக்கிறது."
"இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை செய்கிறவர்டி.
உனக்கு அவரைவிடத் தெரியுமோ?"
உப்புப் பால்தேநீரை உறிஞ்சிக்கொண்டே
எனக்காகப் பரிதாபப்பட்டாள்.

சொல்லியிருக்கலாம்.
வாயில் சொல்லுக்குப் பஞ்சமா, அன்றைக்கே
தொள்ளாயிரம் எழுதியிருந்தேன்.

நூலகத்தில் நான்கு புத்தகம் புரட்டினேன்.
தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல்
ஒருவரும் ஒரு மணிக்கணக்கும் சொல்லவில்லை.
அவ்வளவு பேருக்கும் தெரியாதது
கிரெக்குக்குத் தெரிந்திருந்தது.

பிராண்டுக்கு எழுதினேன்: ஒரு பிழை, மாற்ற வேண்டும்.
திருத்தத்துக்குப் பணம் கிடையாது.
வேண்டாம்.
சொல் எண்ணிக்கை குறையக் கூடாது.
குறையாது.

'இரண்டு மணி நேரம்' என்பதை எடுத்துவிட்டு
'நீரைச் சோதித்த பிறகு' என்று வைத்தேன்.
மூன்றுக்கு மூன்று.
இந்தக் குளிர்காலத்தில் நான் எழுதியதில்
தெரிந்து எழுதியது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை உயாங்கா கத்தினாள்:
"தெல்கெர்மா, நீ சொன்னது சரி!
கிரெக்கே மாற்றியிருக்கிறார் பார்.
நல்ல மனுஷன், தப்பை ஒத்துக்கொள்கிறார்."

ம், என்றேன்.
அவரைப் பற்றி யாரும் நல்லதாகச் சொல்லி
நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்தது பனைமரங்களுக்கு நீர் பாய்ச்சும் முறை.
ஐந்நூறு சொல், ஞாயிறுக்குள்.
"ஆகவே" என்று எழுதி
கொஞ்ச நேரம் விரலை எடுத்து வைத்திருந்தேன்.
விடுதிக் கட்டணம் இருக்கிறது.
இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது.