வடிகட்டி

கல்லுதான் என்றார்கள்.
மார்த்தாண்டத்தில் கல் இல்லாத வீடு எது?
பக்கத்துக் கடை அருமைநாயகம்
தனக்க கல்லைத் தீப்பெட்டியில் வைத்திருப்பவர்,
திறந்து காட்டினார். கடுகளவு, முள்ளோடு.
"இதுக்கே நான் தரையில கெடந்து உருண்டேன் ஓய்."
ஒருத்தி வாழைத்தண்டு கொண்டுவந்தாள்.
இன்னொருத்தி சிறுபீளை, வேரோடு, மண்ணோடு.

இடது விலாவுக்குக் கீழே தொடங்கி
தொடையிடுக்கு வரை இறங்கிற்று வலி.
மூத்திரத்தில் பொட்டு இரத்தமும் இருந்தது.
ராத்திரி டியூட்டி டாக்டருக்கு அது போதும்.
ஊசி. மூன்று லிட்டர் தண்ணீர்.
வடிகட்டி பிடிச்சுப் பெய்யச் சொல்லுங்க,
கல் விழுந்தா எடுத்துட்டு வாங்க.
வயிற்றை யாரும் தொடவில்லை.

நான் தொட்டிருக்கிறேன்.
இரண்டு வருடமாக,
தூக்கத்தில் கை தானாகப் போய் விழும் இடத்தில்,
தொப்புளுக்குச் சற்று மேலே,
ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.
"உமக்கு ரெண்டு நெஞ்சா?" என்று கேட்டேன் ஒருநாள்.
"ஒண்ணு உனக்கு" என்றார், பீடி நாற்றத்தோடு.
அறுபது வயதில் வெட்கப்பட்டு
கையை எடுத்துக்கொண்டேன்.

தாசையன் டயர் வொர்க்ஸ். முப்பத்தெட்டு வருடம்.
டயருக்குள் விரலை ஓட்டி
கண்ணை மூடிக் கண்டுபிடிப்பார்.
அவசரம் என்று குதிக்கிறவனிடம்
"பிதுக்கம் வலிக்காது கேட்டியா,
வெடிக்கத்தான் செய்யும்" என்று
சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்.

ஊசி கேட்டது. கஞ்சி குடித்தார்.
மூன்று மணிக்கு முதுகு பிளக்குது என்றார்.
கல்லு நகருது, பொறும் என்றேன்.
நான்தான் சொன்னேன் அதை.

வில்லுக்குறி தாண்டும்போது
அவருக்க கை ஈரச் சோப்பு மாதிரி நழுவியது.
ஆசாரிப்பள்ளத்தில் டாக்டர் ஒரு சின்னப் பெண்.
போர்வையை விலக்கி உள்ளங்கையை வைத்தாள்,
நான் வைக்கும் அதே இடத்தில்.
உடனே யாரையோ கத்தி அழைத்தாள்.
பிறகு என்னிடம்:
பெரிய இரத்தக்குழாய், வீங்கி உடைஞ்சிருக்கு,
இது இங்க துடிக்கிறதை
முன்னாடி யாரும் கவனிக்கலையா அம்மா?

யாரும் என்றால்
யாரைச் சொல்வது.

கழிவறை ஆணியில் தொங்குகிறது வடிகட்டி.
தேயிலை வடிகட்டிதான், பதினைந்து ரூபாய்.
இரண்டு தடவை பிடித்தார், ஒன்றும் விழவில்லை.
அருமைநாயகம் அடக்கத்துக்கு வந்தார்.
சட்டைப் பையை ஒரு கையால்
பொத்திக்கொண்டே நின்றார்.