கூட்டாமல், குறைக்காமல்

புர்க்டோர்ஃப். நவம்பர். செவ்வாய்க்கிழமை இரவு ஏழு.
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகளில்
முழங்கால் மேசையில் இடிக்கப் பெற்றோர் இருக்கிறார்கள்.
நான் ஓரத்தில், தமிழுக்காக.
மணித்தியாலக் கூலி. ரயில் காசு தனி.
ஒப்பந்தத்தின் நாலாவது வரி:
சொல்லப்பட்டதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வூத்ரிக் ரீச்சர் பைக்குள்ளிருந்து
ஊதாக் கம்பளி நூலில் பின்னிய எதையோ எடுத்து வைத்தார்.
குளிர்காலத் தொப்பியென்றே நானும் நினைத்தேன்,
இரண்டு பக்கமும் குழாய்கள் தொங்கும்வரை.

"கெபேர்முட்டர்" என்றார். பெறுகின்ற தாய்.
"கருப்பை" என்றேன்.
தாய் போய்ப் பை வந்தது.
"முட்டர்கூகன்" என்றார். அம்மாவின் கேக்.
"நஞ்சுக்கொடி" என்றேன்.
ஒன்பது மாதம் ஊட்டிய ஒன்றுக்கு
அங்கே கேக் என்று பெயர், இங்கே நஞ்சு.
கூட்டவில்லை. குறைக்கவில்லை.

மாதவிடாய்க்கு எங்களிடம் சொல்லுக்கா பஞ்சம்?
துடக்கு, சுகமில்லை, வீட்டுக்குத் தூரம்,
"இண்டைக்குக் கோயிலுக்கு வரேல்லை" —
இத்தனையிலும் இரத்தம் என்று ஒரு சொல் இல்லை.

என் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில்
இந்தப் பாடம் ஒட்டிக்கிடந்தது.
எனக்கு முதல் படித்த யாரோ, அல்லது யாருடைய தகப்பனோ
கோதுமைமாப் பசையால்
எட்டுப் பக்கத்தை ஒரே தாளாக்கியிருந்தார்கள்.
ஜன்னலில் பிடித்தால்
முன் எழுத்தும் பின் எழுத்தும் கலந்து தெரியும்.
அப்படித்தான் படித்தேன்.
சோதனையில் அந்தக் கேள்வி வரவில்லை.

பிறகு ரீச்சர் பலகையில் ஒரு சொல் எழுதி
அதைத் தானே வெட்டினார்.
வெட்க உதடுகள் என்று அர்த்தம்.
"வெட்கத்தை எடுத்துவிட்டோம்,
இப்போது வேறு பெயர்" என்றார்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
எனக்குத் தெரிந்த சொல் குழாயடிச் சண்டையில் கேட்டது,
பஸ்ஸில் கேட்டது,
ஒருமுறை சென்றியில், துவக்கோடு நின்றவனிடம் கேட்டது.
அதை இந்த அறைக்குள் எப்படிக் கூட்டிவருவேன்?
"உதடுகள்" என்று மட்டும் சொன்னேன்.
தயாபரன் தன் வாயைத் துடைத்துக்கொண்டார்.
அன்றிரவு நான் குறைத்தது அது ஒன்றுதான்.

கேள்விகள் உண்டா என்றார்கள்.
ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பிலா? ஆம்.
கட்டாயமா? ஆம்.
அப்போது கமலவேணி,
முதியோர் இல்லத்தில் துணி தோய்ப்பவர், மூன்று பிள்ளைகள்,
என் சட்டைக்கையைப் பிடித்தார்.
"பிள்ளை வாற வழியும் சலம் போற வழியும்
ஒண்டுதானே?"
உடனே, "ஐயோ, இதைச் சொல்லாதேங்கோ."

இரண்டும் சொல்லப்பட்டவை.
இரண்டையும் மொழிபெயர்த்தேன்:
கேள்வியையும், சொல்ல வேண்டாம் என்றதையும்.

ரீச்சர் சிரிக்கவில்லை.
சிவப்புச் சுண்ணக்கட்டியால் மூன்று புள்ளி வைத்தார்,
ஒன்றன் கீழ் ஒன்றாக.
ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் என்றார்.
கமலவேணி விரலில் எண்ணினார்.
"மூண்டு பெத்தனான்" என்றார், யாருக்கும் இல்லாமல்.
அதையும் சொன்னேன், மெதுவாக.

பின்வரிசையில் பண்ணைக்காரி ஒருத்தி,
சப்பாத்தில் இன்னும் வைக்கோல்,
கை உயர்த்தாமலே பேசினாள்:
"பசுவுக்கு இரண்டு வாசல். சின்னதிலிருந்தே தெரியும்.
எனக்கு மூன்றென்று தெரிந்தது முப்பது வயதில்."
தமிழில் அது வந்து சேர ஒரு கணம் பிந்தியது.
எங்கள் பக்கத்துச் சிரிப்பும்
அந்த ஒரு கணம் பிந்தியே வெடித்தது.

படிவம் நிரப்பினேன்.
நேரம்: இரண்டு மணித்தியாலம்.
மொழி: தமிழ்.
சிரமங்கள் ஏதும்: ஒரு சொல். தேடுகிறேன்.

பஸ் தரிப்பில் தூறல்.
கமலவேணி குடையை என் பக்கம் சரித்தார்.
மூத்தவளுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டு என்றார்.
கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு,
"அந்தத் தொப்பி பின்ன
எத்தனை நூலுருண்டை போகும்?"