ஆறாம் தரக் கொக்கு

ஹட்டனில் மூன்று நாளாய் விடாத மழை.
பிள்ளையாருக்கும் மாதாவுக்கும்
சாமத்திய வீட்டுப் படங்களுக்கும்
சட்டம் அடிக்கிற என் மேசையில்
ஈரத் தாளைப் பிரித்து அதை வைத்தார் இந்துனில்,
துரை பங்களாவை ஹோட்டல் ஆக்கியவர்களின் ஆள்.

ஓரடிச் சதுரம். பட்டு.
நள்ளிரவு நீலம்.
கீழே அலை, அலை நடுவே பாறை,
பாறைமேல் ஒற்றைக் காலில்
ஒரு வெள்ளைக் கொக்கு.
மூலையில் மிளகாய்ப்பழச் சிவப்பில் சூரியன்.
கொக்கு அதையே பார்க்கிறது
சம்பள வாசலைப் பார்ப்பதுபோல.

கொழும்பில் யாரோ எழுதிக் கொடுத்த தாளை
இந்துனில் நிதானமாகப் படித்தார்.
சீனத்து அதிகாரி ஒருவர் நெஞ்சில் அணிந்ததாம்.
முதல் தரத்துக்கு நாரை.
ஆறாம் தரத்துக்குக் கொக்கு.
சூரியன் அரசர். பாறை அசையாத நாடு.
சுற்றிப் பறக்கும் வௌவால், பாக்கியம்.

வௌவாலா?

அவர்கள் பாஷையில்
இரண்டுக்கும் ஒரே சத்தமாம்.

அளவு நாடாவை நீட்டியபடி யோசித்தேன்,
எங்கள் பாஷையில் எந்தச் சத்தத்துக்கு
இப்படி இரண்டு முகம்?
பேர் என்றால் பேர்.
தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம்.
நேற்று கொழுந்து நிறை குறைந்ததென்று
தங்கச்சிக்கு அரைப்பேர் போட்டார்கள்.
பரிமளகாந்தி அவள் முழுப்பேர்.
அந்த ஊர்த் தையல்காரர் கையில் இதைக் கொடுத்தால்
என்ன தைத்திருப்பார்?
ஒற்றைச் சிறகு வௌவாலா?

வில்லை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது
கொக்கைச் சுற்றி ஊசித் துளைகள்.
நூல் இல்லாத துளைகள்.
வால் நீளம், கழுத்து குட்டை:
முன்பு இங்கே வேறு பறவை இருந்திருக்கிறது.
அதைப் பிரித்து எறிந்துவிட்டு
கொக்கைத் தனியாகத் தைத்து ஒட்டியிருக்கிறார்கள்.
மனிதருக்குப் பதவி உயர்வு.
வானம் பழசு. அலை பழசு.
வௌவால்களும் போட்டது போட்டபடி.

என் கடைக்கும் வருவார்கள்,
செத்துப்போன அப்பாவின் அடையாள அட்டையோடு.
'அண்ணே, கோட்டு ஒன்னு போட்டுத் தாங்க.'
பக்கத்து ஸ்டூடியோப் பையன்
கழுத்துக்குக் கீழே வெட்டி
கோட்டும் டையும் ஒட்டித் தருவான்.
காலமெல்லாம் கவ்வாத்து வெட்டியவர்
முப்பத்தோராம் நாள் மாலைக்குள்
பெரிய கிளாக்கராக இருப்பார்.
கண் மட்டும் கொஞ்சம் மிரளும்.

துணியைத் திருப்பினேன்.
அலை கிழிந்த இடத்தில் ஓர் ஒட்டு.
படங்குச் சாக்கு.
கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டுகிற அதே படங்கு,
தோட்டத்து முத்திரையில் பாதி எழுத்தோடு.
சாக்கு ஊசி. கோணல் தையல்.
துரைசானி எழுந்து வருவதற்குள்
யாரோ அவசரமாய்ப் போட்டது.
யார் என்று தாளில் இல்லை.

'இதக் கழட்டிடுங்க' என்றார் இந்துனில்.
'பிறகு சேர்த்தது எல்லாம் எடுக்கச் சொல்லி இருக்கு.'

பிறகு சேர்த்தது.
அப்படிப் பார்த்தால்
கொக்கே பிறகு சேர்த்ததுதான்.
வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு
'வெள்ளிக்கிழமை வாங்க' என்றேன்.

வியாழன் பின்னேரம் பரிமளம் வந்தாள்.
கால் கழுவினாள், அட்டைக்கடி பார்த்தாள்,
மேசைக்கு வந்தாள்.
அரசரை, கடலை, அசையாத நாட்டை
ஒரு பார்வையில் கடந்து
பின்பக்கம் புரட்டி
அந்தத் தையலைத் தடவிப் பார்த்தாள்.
'இடக்கைக்காரி' என்றாள்.
அவ்வளவுதான். தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள்.

பட்டில் கண்ணாடி படாமல் கால் அங்குலம் விட்டேன்.
சாக்கின்மேல் பலகையை அமர்த்தினேன்.
பன்னிரண்டு ஆணி.
விளிம்பு முழுக்கப் பசைத்தாள்.

வெளியே மழை விட்டிருந்தது.
ஸ்டேஷன் கூரைக்கு அடியிலிருந்து
வௌவால்கள் புறப்பட்டன,
ஐந்தோ, ஐம்பதோ.
பதுளை ரயிலுக்கு நின்ற சனம்
தலையில் எச்சம் விழாமல்
குடையை விரித்தது.