சனிக்கிழமைக்குப் பதிவேடு இல்லை

எடைக்குப் போட்டுவிடும்படி உத்தரவு.
இருபத்தெட்டு வருகைப் பதிவேடுகள்,
எலி தின்ற மூலைகள்,
நனைந்து காய்ந்த காகிதத்தின் புளிச்ச வாசம்.
இனி வருகையெல்லாம் கைபேசியில்.
அதற்காகத் தினமும் ஒன்பதரைக்குத்
தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்கிறேன்.
கவுஞ்சியில் சிக்னல் அங்கேதான்.
தொட்டியில் தண்ணீர் கிடையாது,
அது வேறு விஷயம் என்று
அப்போது நினைத்திருந்தேன்.

கட்டும் முன் ஒன்றைப் பிரித்தேன்.
சும்மாதான். மழை. பஸ் வரவில்லை.
தொண்ணூற்று ஆறாம் வருடத்து ஏழாம் வகுப்பில்
ஐந்து குழந்தைவேலுக்கள்,
இனிஷியலால் மட்டும் பிரிந்தவர்கள்.
வந்த நாளுக்குக் கோடு,
வராத நாளுக்குச் சிவப்பு மையில் 'ஆ'.
ஆப்சென்ட் என்று முழுதாய் எழுத
எந்த வாத்தியாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம்
பக்கம் முழுக்க ஆ ஆ ஆ,
ஒரு வகுப்பே வாய் பிளந்த மாதிரி.
பூண்டு பிடுங்கும் வாரம்.
அடுத்த வருடமும் அதே வாரம்.
பிறகு ஒரு வருடம் நான்கு நாள் தள்ளி.
பிறகு பத்து.
கடைசிப் பதிவேட்டில் அந்தச் சிவப்பு
மார்ச் முடிவுக்கு நழுவி
முழு ஆண்டுத் தேர்வின் காலடியில் வந்து கிடக்கிறது.

எட்டாம் வகுப்புப் புள்ளியியல் பாடம்
ஏதோ நகரத்தில் விற்ற கார்களை
வரைபடமாக்கச் சொல்கிறது.
கார்களை விட்டுவிட்டோம்.
ஆளுக்கொரு பதிவேடு கொடுத்தேன்.
"சார், எங்கப்பா நாப்பத்தொரு நாள் ஆ!"
வகுப்பே சிரித்தது.
சிரித்தபடியே புள்ளி வைத்தார்கள்.
புள்ளிகள் வலப்பக்கம் சரிந்தன.
"மழை பிந்துனா வெத பிந்தும் சார்,
வெத பிந்துனா எல்லாம் பிந்தும்,"
என்றான் பூவரசன்.
கணக்கில் அவன் எப்போதும் எட்டு மார்க்.

நாகஜோதி மட்டும் தலை நிமிரவில்லை.
அவளிடம் இருந்தவை கடைசி ஆறு வருடங்கள்.
"வெள்ளிக்கெழம பாருங்க சார்.
பொம்பளப் புள்ளைங்க பேர மட்டும்."
பார்த்தேன்.
நேர்க்கோட்டில் இறங்கியது,
மேல் பெயரிலிருந்து கீழ்ப் பெயர் வரை.
"லாரித் தண்ணி அன்னிக்கித்தான் வருது.
ஊத்து வத்துனதுலேர்ந்து."
அவற்றில் மூன்று வருடத்து ஆக்கள்
என் கையெழுத்து.
சுத்தமாக, சுழி பிசகாமல் போட்டிருந்தேன்.
ஒரு வெள்ளிகூட ஏனென்று கேட்டதில்லை.

திண்டுக்கல்லில் நீடித்த வளர்ச்சி பற்றி
இரண்டு நாள் பயிற்சிக்குப் போனவன் நான்.
துணிப்பை தந்தார்கள்.
பதினேழு வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட பை.
அதில்தான் வரைபடங்களைச் சுருட்டிக்
கிராமசபைக்கு எடுத்துப் போனோம்.
"லாரிக்கும் ஸ்கூலுக்கும் என்ன சார்?"
என்று கேட்ட செயலர்
நாகஜோதி விரித்த தாளைப் பார்த்துக்கொண்டே
கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார்.
லாரி சனிக்கிழமைக்கு மாறியது.

தொட்டி மேல் நின்று பார்த்தேன்.
ஆப்பில் வெள்ளிகள் பச்சையாகிவிட்டன.
மேலிடத்திலிருந்து பாராட்டுச் செய்தி,
கைதட்டும் பொம்மையோடு.
பெருமையாகத்தான் இருந்தது.
அவளிடம் காட்டினேன்.
"சனிக்கெழமைக்குப் பதிவேடு இல்லியே சார்,"
என்றாள்.

உத்தரவுக்குப் பதில் அனுப்பினேன்:
எடை போடப்பட்டது.
பொய்யில்லை.
பூண்டு மண்டித் தராசில் பதினாறு கிலோ.
பிறகு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

திங்கட்கிழமை மேஜையில்
ஒரு நாற்பது பக்க நோட்டு.
ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள்,
மேலே 'சனி' என்று தேதியோடு.
லாரிக்குக் குடத்தோடு வந்தவர்க்குக் கோடு,
வராதவர்க்கு ஆ.
மேலிருந்து கீழ்வரை பையன்களின் பெயர்கள்.
பூவரசனுக்கு ஒரே ஒரு கோடு,
நடுங்கிய கோடு.

கடைசி வரிசையில்
இனிஷியலோடு என் பெயர்.