அலகைத் தூக்கும் தெரு

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள்.
வில்யோவுக்கு வந்தது
கம்பளிக் குல்லாயோடு போய்விட்டதென்றே நினைத்தோம்.
பள்ளி மைதானத்து உறைபனியில் மல்லாந்து விழுந்தான்,
எழுந்தான், அதற்குப் பிறகு ஒரு கோல்கூடப் போட்டான்.
ரத்தமில்லை. வீக்கம் கோலிக்குண்டு அளவு.
"லேசான அடிதான்," என்றார் ஈசால்மி மருத்துவர்,
"இரண்டு வாரம்."

இது ஒன்பதாவது வாரம்.

குளிர்பெட்டி முனகினால் காதைப் பொத்துகிறான்.
கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே
அதன் பெயரைத் தேடுகிறான்.
பாதிப் பக்கத்தில் எழுத்துகள்
கல் விழுந்த இடத்து மீன்குஞ்சுகளாம்.
ஹெல்மிக்கு ஆறு வயது;
அவள் பொம்மைகள்கூடக் கிசுகிசுக்கின்றன.
காலில் மாவுக்கட்டு என்றால்
வகுப்பே வந்து கையெழுத்துப் போட்டிருக்கும்.
இதில் எங்கே போடுவார்கள்?
"நடிக்கிறான்" என்றானாம் ஒருவன்.
அதை மட்டும் வில்யோ மறக்கவில்லை.

மார்ச் பிறந்துவிட்டது.
இருட்டிலேயே கிடந்த ஊர்
சுவரோரம் சாய்ந்து, கண்மூடி,
பூனை பால் குடிப்பதுபோல் வெயில் குடிக்கிறது.
ஏரி முழுக்கப் பளபளப்பு.
எங்கள் ஜன்னலில் மட்டும்
மெர்வி போர்வையை மடித்துக் குத்தியிருக்கிறாள்,
வெளிச்சம் கசியும் ஓரத்துக்கு ஒரு காலுறை.

நான் நகராட்சியின் பனிவண்டி ஓட்டுகிறவன்.
அதிகாலை நாலு மணிக்கு
இரும்பு அலகால் தார்ச்சாலையைச் சுரண்டி
ஊரை எழுப்புவதற்குத்தான் சம்பளம்.
எங்கள் தெரு திரும்பியதும் அலகைத் தூக்கிவிடுவேன்.
பதினோரு வீடு தாண்டி மறுபடி இறக்குவேன்.
கோர்ஹோனென் இருமுறை புகார் எழுதினார்,
அவர் கார் முழங்கால் பனியில்.
அலுவலகத்தில் கேட்டார்கள்;
அலகில் கோளாறு என்றேன்.
நேற்று மாலை நானே மண்வாரியோடு போய்
அவர் வாசலை வாரினேன்.
அவர் ஜன்னலருகே நின்று பார்த்தார். கதவைத் திறக்கவில்லை.

இன்று
ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சியைக் கிளறியபடி
வில்யோ சொன்னான்:
"நம்ம தெருவுக்கு வரும்போது
நீ அலகைத் தூக்குவ இல்ல,
அப்போ சங்கிலி ஒரு தடவை கிணுங்கும்.
அதைக் கேட்டுட்டுதான்
தூங்குவேன், அப்பா."

நாலு மணி.
கைவிரலில் எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.
கஞ்சியில் இன்னொரு துண்டு வெண்ணெய் போட்டேன்.
அது உருகுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பனி பெய்யாத இரவுகளில் என்ன செய்வாய்
என்று நான் கேட்கவில்லை.