இரண்டாம் கியர்

முந்தக் கூடாது. ஹசாட் லைட் அணையக் கூடாது.
நாளுக்கு ஒன்பதாயிரம், பெற்றோல் அவட செலவு.
பருத்தித்துறையில் வெளிக்கிடும்போது பேசியது இவ்வளவுதான்.
இது ஐந்தாம் நாள்.
மூன்றாம் கியர் என்று ஒன்று என் அல்டோவில்
இருக்கிறதோ என்னவோ.

விடியச் சாமம் நாலரைக்குக் கல்லடிப் பாலம்.
காத்தான்குடிப் பேரீச்சைகளுக்குள் வெளிச்சம் வர
முன்னால் அவட முதுகு.
துவாரகி, நில அளவையாளர், வவுனியா.
செம்மஞ்சள் சட்டையில் வியர்வை காய்ந்து
களுவாஞ்சிக்குடியில் உப்பு ஒரு தீவு,
கல்லாற்றில் மூன்று.
வடக்கிலிருந்து நான் பார்த்துவரும் நாடு இதுதான்.
மிச்சமெல்லாம் ஓரத்தால் போகிறது.

பின்னால் மணல் டிப்பர்.
முந்தும்போது தலையை நீட்டிக் கேட்கிறான்:
"யாருட மையத்து காக்கா?"

மருதமுனையில் என் வாசல்.
நிற்கக் கூடாது, அதுவும் பேச்சு.
சோத்துப் பொதியோடு காத்துநின்ற றிஸ்மியா
காரோடு ஓடிவந்து ஜன்னலால் போட்டா.
சின்னவள் பள்ளிச் சப்பாத்தோடு
மதகு மட்டும் கூட ஓடினாள்,
வென்றும் விட்டாள்.
இருபது வருஷம் கொழும்புக்கு ஆள் ஏற்றி இறக்கியவன்
என் வாசலை இத்தனை மெதுவாய்க்
கடந்ததில்லை.
கேற்றின் கீழ்ப் பிணைச்சல் கழன்று கிடக்கிறது.
எத்தனை மாசமாய் என்று
ஆரிடம் கேட்க?

எதற்கு இந்தப் பாடு என்று எல்லா ஊரிலும் கேட்டார்கள்.
காரைதீவு இளநீர்க்காரனுக்கு நேர்த்திக்கடன் என்றா.
அக்கரைப்பற்றில், கொழுப்புக் கரைய.
தம்பிலுவில்லில் குடையோடு நின்ற ஒரு ரீச்சருக்கு
புருசனோடு கோபம்.
தாண்டியடியில் ஒரு வேம்பின் கீழ்
நாங்கள் இரண்டு பேர் மட்டும்.
எனக்கு உண்மை வரும் என்று இருந்தேன்.
"பௌமி நானா, வாழைப்பழம் முடிஞ்சிட்டா?"

கோமாரி தாண்டி,
ஒரு பக்கம் கடல் காற்று, ஒரு பக்கம் யானை வேலி,
பட்டென்று ஒரு சத்தம்.
சூட்டு முள் சிவப்புக்குப் போனது.
பொனட்டுக்குள்ளே பெல்ட் அறுந்து
செத்த சாரை மாதிரி.
ஹோர்ன் அடித்தேன். காற்று எதிர்.
செம்மஞ்சள் ஒரு புள்ளி, பிறகு கானல்,
பிறகு ஒன்றுமில்லை.
காவலுக்குப் பிடித்த ஆள் நான்.

எட்டு நிமிஷத்தில் திரும்பி வந்தா.
"பின்னுக்குச் சத்தம் நின்று போச்சு."
அவ்வளவுதான் சொன்னது.
அறுந்ததை வாங்கி இலக்கத்தை ஒருதரம் வாசித்து
பள்ளிக்கூடப் பை மாதிரிக் குறுக்கே போட்டுக்கொண்டு
பொத்துவிலுக்கு உழக்கினா.

ஒன்றே முக்கால் மணித்தியாலம்
நான் ஒருத்தருக்கும் பின்னால் இல்லை.
றிஸ்மியாவின் பொதியைப் பிரித்தேன்: கீரிமீன் பொரியல்,
மாங்காய்ச் சம்பல்.
பத்தடியில் ஈரம் காயாத யானை லத்தி.
கதவைத் திறந்து வைத்தே சாப்பிட்டேன்.
மூடினால் மட்டும் அல்டோ என்ன செய்யும்?

தெற்கிலிருந்து வந்தா.
தூரத்திலிருந்து அவட முகம் என்னை நோக்கி வருவது
ஐந்து நாளில் இதுதான் முதல்.
நான் நினைத்ததைவிட வயது.
இடக்கண்ணைச் சுருக்கி
முக்காலிக் கருவிக்குள்ளால் என்னைப் பார்க்கிற மாதிரி
ஒரு பார்வை.

பெல்ட்டைப் பூட்டிக் கையைத் துடைத்தேன்.
பொத்துவில் மட்டும்தான் ஓடி முடிச்சாச்சே,
சைக்கிளை மேலே கட்டுவம், ஏறுங்க என்றேன்.
"அது பெல்ட்டுக்கு ஓடினது நானா. கணக்கில்லை."

ஒரு கட்டைக்கு அப்பால், அவ திரும்பின இடத்தில்
தாரில் ஒரு சோக்குக் கோடு.
அதைத் தாண்டும்போதுதான்
கைமணிக்கூட்டை அமத்தினா.

நான் இரண்டாம் கியர்.
டாஷ்போர்டில் கிடந்த பில்லைப் பார்த்தேன், பெல்ட் இரண்டு.
மற்றதைச் சீட்டுக்குக் கீழே தடவினேன்,
பிறகு கண்டேன்:
செம்மஞ்சளுக்குக் குறுக்கே கறுப்பாய்
முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.